எங்கள் பேண்டின் பெட்டிக்கு ஒரு வரலாறு

கல்லூரி பேண்டின், அதாவது வாத்தியக் குழுவின், வரலாற்றை எழுதச் சொன்னால் எல்லோரும் கோப்பைகளைப் பற்றித்தான் எழுதுவார்கள். எந்த ஆண்டு தங்கம், எந்த ஆண்டு வெள்ளி, அப்போது யார் தலைவர். நான் எழுதப்போவது, கையசைத்து பேண்டை நடத்தும் கண்டக்டர் ஏறி நின்ற மரப்பெட்டியைப் பற்றி. இங்கே சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முன்னால் வரும் தொடக்கக் கல்லூரிப் படிப்பே இரண்டு ஆண்டுதான், பள்ளிகள் போட்டியிடும் சிங்கப்பூர் இளையர் விழாவில் பேண்டுகளின் முறை வருவதும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், அதனால் ஒருவருக்கு ஒரே ஒரு வாய்ப்பு, அது முடிந்ததும் மொத்தக் கூட்டமும் கலைந்து புதுக்கூட்டம் வந்துவிடும். ஆசிரியர்களும் மாறிப் போவார்கள். பெட்டி மட்டும் பேண்ட் ரூமிலேயே கிடக்கும்.

பெரிய வேலைப்பாடெல்லாம் கிடையாது. நாடகக் குழு மேடை போட்டதில் மிஞ்சிய பிளைவுட்டை வைத்து, கல்லூரியில் பராமரிப்பு வேலை பார்த்த ஒரு தமிழ் அங்கிள் அடித்துக் கொடுத்தது. சதுரமாக ஒரு படி உயரம், மேலே மெரூன் நிறக் கார்ப்பெட், உள்ளே ஒன்றுமில்லை. எனக்கு முந்தைய சீனியர்கள் காலத்துச் சங்கதி இது, அங்கிளே சொல்லித்தான் தெரியும்.

அதற்கு முன்னால் பெட்டியே தேவைப்படவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. பள்ளிகளில் பேண்ட் தொடங்க வேண்டும் என்று லீ குவான் இயூ முனைந்தது 1965-இல், நாடு தனியாகப் பிரிந்த கையோடு. கட்டுப்பாடும் ஒற்றுமையும் வளர வேண்டும் என்பது எண்ணம், இளையர் விழாவும் 1967-இலேயே வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் நடந்துகொண்டே வாசித்தவர்கள். முன்னால் தண்டத்தைத் தூக்கிக்கொண்டு டிரம் மேஜர் போவார், எல்லோரும் அவர் பின்னால் போவார்கள், நடக்கிறவருக்கு எதற்குப் பெட்டி? பேண்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் ஒருவர் உயரமாக நிற்க வேண்டிய கட்டாயம் வந்தது. பொட்டானிக்கல் கார்டன்சில் இருக்கும் எண்கோண பேண்ட் மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள், 1930-இல் கட்டியது, இப்போது கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வருகிற இடம். அங்கே வாசிப்பவர்கள் மொத்தப் பேரையும் மேலே ஏற்றிவிட்டார்கள், கேட்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. எங்கள் பெட்டியின் கணக்கு வேறு. கண்டக்டரைப் பார்க்க வேண்டியது ரசிகர்கள் இல்லை, கடைசி வரிசை.

நான் கடைசி வரிசை. பெர்கஷன், தாள வாத்தியங்கள். எங்களுக்கு முன்னால் டியூபாக்கள், அந்தப் பித்தளை வாய்களைத் தாண்டித்தான் எங்களுக்கு உலகமே. கூட்டம் சிறிதாக இருந்தவரை ஒரு படி உயரம் போதுமாக இருந்திருக்கிறது. எங்கள் ஆண்டில் ஆள் சேர்ந்து வரிசைகள் கூடிவிட்டன, எங்கள் மாணவக் கண்டக்டரோ குள்ளமான பெண், அவள் கையைத் தூக்கினால் எனக்குத் தெரிந்தது விரல் நுனிதான். அப்புறம் அங்கிளிடம் போய் நின்றோம். அவர் கீழே இன்னொரு அடுக்கு வைத்து உயர்த்திக் கொடுத்தார். பெட்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு வேறு நிறப் பலகை தெரியும், கீழே இருப்பது எங்கள் ஆண்டு.

உயரம் கூடியதில் ஒரு புது வம்பு. உள்ளே வெற்றிடமும் கூடிவிட்டது. கண்டக்டர் சாருக்கு இடது குதிகாலால் தட்டும் பழக்கம், கார்ப்பெட்டில் அந்த இடம் மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டி ‘தொம் தொம்’ என்று பேசும். “தம்பி, இதப் பெட்டின்னு சொல்லாதீங்க, தவிலுன்னு சொல்லுங்க” என்றார் அங்கிள்.

சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம், பயிற்சியை ஒருநாள் பதிவு செய்து கேட்கும்வரை. மெல்லிசாக வரும் இடத்திலெல்லாம் குழலிசைக்கு நடுவே தொம். அதைவிட முக்கியமாக, பின்வரிசை முழுக்க ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. சார் உடனே பிடித்துவிட்டார்: நாங்கள் யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை, காலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்குத் தட்டு வந்து சேர ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு ஆகிவிடும், அதைக் கேட்டு அவன் அடித்தால் அந்த அடி முன்னால் போய்ச்சேர மறுபடி அவ்வளவு. கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் ஸ்னேர் டிரம் அவ்வளவு பிந்தினால் காது தெரிந்த யாருக்கும் உறுத்தும். பார்வைக்கு அந்தத் தாமதம் கிடையாது. போட்டி அரங்கில் வேறு எங்கள் பெட்டி கிடையாது, அரங்கத்துக்காரர்களின் மேடைதான், அது பேசாது.

தாளத்தைச் சத்தமாகத் தட்டிக் காட்டுவது பழைய வழக்கம்தான். பிரான்சில் லுல்லி என்ற இசையமைப்பாளர் நீளமான கோலால் தரையில் இடித்துத் தாளம் கொடுப்பார். 1687-இல், பதினான்காம் லூயி மன்னர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் குணமானதற்காக நடந்த கச்சேரியில் அந்தக் கோல் அவர் காலிலேயே இறங்கியது, புண் அழுகியது, காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை, இரண்டு மாதத்தில் செத்துப்போனார். பிற்காலத்தில் சத்தமில்லாத சின்னக் குச்சிக்கு மாறினார்கள். எங்கள் சார் மாறுவதாக இல்லை, குதிகால் அவர் பேச்சைக் கேட்காது. அதனால் பெட்டியின் வாயை அடைத்தோம். ஸ்டோர் ரூமில் யாருக்கும் பொருந்தாத பழைய பேண்ட் சீருடைகள் மூட்டையாகக் கிடந்தன, அடிப்பலகையைக் கழற்றி எல்லாவற்றையும் உள்ளே திணித்தோம். தொம் சத்தம் செத்தது. முதல் வாரம் பின்வரிசை தள்ளாடியது, பிறகு வேறு வழியில்லாமல் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள்.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் கைப்பிடி மாட்டியிருக்கிறார்கள். கல்லூரி கூடைப்பந்து ஆடப் போகும்போது பேண்டிலிருந்து ஒரு சிறு குழு உற்சாகமூட்டப் போகுமாம், பெட்டியையும் தூக்கிக்கொண்டு. எனக்கு இது கொஞ்சம் அதிகம் என்றே தோன்றியது. அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த மாதிரி பேண்டுகள் பெரிய சமாச்சாரம், அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கூடைப்பந்துத் தொடரில் ஒரு பேண்டுக்கு 29 பேர் என்று வரம்பே உண்டு. இங்கே போனது பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். பத்துப் பேருக்குப் பெட்டி எதற்கு, நாற்காலியில் ஏறி நின்றால் போதாதா? “நாற்காலி வழுக்குதுண்ணே” என்று பதில் வந்தது. சரி.

பிறகு 2019. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து எட்டு தொடக்கக் கல்லூரிகளை நான்காக இணைத்தார்கள்: ஆண்டர்சன், சிராங்கூன், தெம்பனிஸ், மெரிடியன், ஜூரோங், பயனியர், ஈசூன், இன்னோவா. எங்களுடையதும் அதில் ஒன்று, எது என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் கமெண்டில் சண்டை வரும். சாமான் ஏற்றி இறக்க முன்னாள் மாணவர்கள் சிலர் போயிருந்தோம். இரண்டு கல்லூரி, இரண்டு டிம்பனி முரசு செட், இரண்டு பெட்டி. அவர்களுடையது அலுமினியம், மடக்கலாம், பின்னால் கம்பித் தடுப்பும் உண்டு. அந்தத் தடுப்பைக் குறை சொல்ல முடியாது, குர்ட் மசூர் என்ற ஜெர்மன் கண்டக்டர் 2012-இல் பாரிசில் கச்சேரி நடத்திக்கொண்டிருக்கும்போதே மேடையிலிருந்து விழுந்தார். எங்களுடையதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. கரையான் இருக்கிறதா என்று பார்க்க அடிப்பலகையைத் திறந்தார்கள். கரையான் இல்லை. சீருடைகள் இருந்தன, பித்தளைப் பொத்தான்கள் பச்சை பூத்திருந்தன, எங்கள் சீனியர்களுக்கும் முந்தைய தோள்பட்டைச் சரிகை. அந்த மாடலில் வேறு ஒரு சீருடைகூட கல்லூரியில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்றை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துக்கொண்டு மற்றதைத் திரும்பத் திணித்தார்கள். பெட்டியையும் கண்காட்சியில் வைக்கலாம் என்றார் ஒருவர். நான் வேண்டாம் என்றேன். அதன்மேல் யாராவது நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அது மிஞ்சிப்போன பிளைவுட்.

இப்போது அரங்குக்கு அலுமினியம், பயிற்சிக்கு மரப்பெட்டி என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஜூன் விடுமுறையில் கார்ப்பெட் மாற்றப்போகிறார்கள், முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நிறத்துக்கு வாக்கெடுப்பு நடக்கிறது. எங்கள் ஆட்கள் மெரூன், அவர்கள் நீலம், பேச்சு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. நான் கறுப்புக்குப் போட்டேன். அழுக்குத் தெரியாது.