பானையை உடைத்த சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் பதினெட்டு பேர் சேர்ந்து நல்ல நிலையில் இருந்த ஆறு மண்பானைகளை வேண்டுமென்றே போட்டு உடைத்தோம். துணியில் சுற்றி, மெதுவாக ஒரு சுத்தியல் தட்டு. அவ்வளவுதான். உடைக்கும்போது பெரியவர்கள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தால், இதற்காகத்தான் வந்திருப்பார்களோ என்று தோன்றியது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். அதற்கு முன் நான் போன ஒரு தொல்லியல் நிகழ்ச்சியில் மூன்று மணி நேரம் மேடையில் பேசினார்கள், வரவேற்புரையே நாற்பது நிமிடம். கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு பானை ஓடுகள், 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை. கூட வந்திருந்த குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள், எனக்கும் ஓடத்தான் ஆசை. தொல்லியல் என்பதே கையால் செய்கிற வேலை. அதைக் காதால் மட்டும் கற்றுக்கொடுத்தால் எப்படி? அதனால்தான் நாங்களே கையால் செய்து பார்க்க ஆரம்பித்தோம்.

சரி, பானைக்கு வருவோம். உடைத்த துண்டுகளை மணல் நிரப்பிய தொட்டிகளில் அடுக்கடுக்காகப் புதைத்தோம். ஒரு குழு புதைத்ததை இன்னொரு குழு தோண்ட வேண்டும். அதற்கு முன் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் இரண்டு மூன்று துண்டுகளை எடுத்து மற்ற தொட்டிகளில் கலந்துவிட்டேன். நிஜ மண்ணும் அப்படித்தானே செய்கிறது? எலி வளை தோண்டும், வேர் இறங்கும், யாரோ எப்போதோ ஒரு குழி வெட்டி மூடியிருப்பார்கள், மேலே கிடந்தது கீழே போயிருக்கும். பிரஷ்ஷால் மணலைத் தள்ளி, எந்தத் துண்டு எந்த ஆழத்தில் கிடந்தது என்று எழுதிக்கொண்டே எடுத்து, கடைசியில் ஒட்டிப் பார்த்தபோது எந்தப் பானையும் முழுதாகவில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "இல்லாத துண்டு எப்படி இருந்திருக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அந்த மூன்று மணி நேர மேடைப் பேச்சில் ஒரு தடவைகூட வராத கேள்வி இது!

அதற்குப் பதிலாகத்தான் விளிம்பு வரைதலைக் காட்டினோம். ஒரு பெரிய தாளில் ஒரே மையத்திலிருந்து, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், வட்டத்துக்குள் வட்டமாக வரைந்துகொள்ள வேண்டும். பானையின் வாய் விளிம்புத் துண்டை அதன் மேல் கவிழ்த்து வைத்து, எந்த வட்டத்தோடு அதன் வளைவு அச்சாகப் பொருந்துகிறது என்று பார்த்தால் வாயின் அகலம் கிடைத்துவிடும். துண்டு வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு இருந்தால், இன்னும் ஏழு பங்கு எங்கேயோ கிடக்கிறது என்றும் தெரியும். உள்ளங்கை அளவு ஓட்டிலிருந்து ஒரு பானையின் முழு வாயும் தாளில் விரிவதைப் பார்க்கும்போது வருகிற ஆச்சரியம், சொன்னால் புரியாது. உலகம் முழுக்க அகழாய்வுக் கொட்டகைகளில் இப்படித்தான் வரைகிறார்கள்.

பானை கிடைக்காவிட்டால் குப்பை போதும். அமெரிக்காவில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் 1973-ல் அரிசோனா பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக்கொண்டு டூசான் நகரத்து வீடுகளின் குப்பையை ஆராய ஆரம்பித்தார். பழங்காலக் குப்பைமேட்டை ஆராய்கிற அதே முறை, ஆனால் நேற்றைய குப்பை. வாரத்துக்கு எவ்வளவு பீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது மக்கள் சொன்ன அளவும் குப்பைத்தொட்டியில் கிடந்த கேன்களின் அளவும் ஒத்துப்போகவில்லை. (தொட்டியில்தான் அதிகம் என்று சொல்லவும் வேண்டுமா?) எங்கள் குழுவிலும் ஒவ்வொருவரும் ஒரு வாரத்து உலர்ந்த குப்பையைப் பெயரில்லாத பையில் கொண்டுவந்தோம். பைகளை மாற்றிக்கொண்டு, இந்த வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, என்ன வேலை என்று ஊகிக்க வேண்டும். என் பையைப் பார்த்தவர்கள் கைக்குழந்தை உள்ள வீடு என்று முடிவு கட்டினார்கள். வீட்டில் இருப்பது பூனை. அடுத்த முறை யாராவது ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு 'இது சடங்குக்குப் பயன்பட்டிருக்கலாம்' என்று சொன்னால், எனக்கு அந்தப் பூனைதான் ஞாபகத்துக்கு வரும்.

மரபு நடை, அதாவது பழைய தெருக்களையும் கட்டடங்களையும் நடந்தே பார்ப்பது, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் முன்னால் பேசிக்கொண்டே போக, முப்பது பேர் பின்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டே வருகிற நடையில் எனக்கு நம்பிக்கையில்லை. அதே தெருவில், ஒருவர் வாசற்படிகளை மட்டும் பார்க்கட்டும், ஒருவர் செங்கல் அளவை மட்டும், இன்னொருவர் அடைக்கப்பட்ட ஜன்னல்களை மட்டும். வாசற்படி பார்த்தவர் சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிப் போகிற வீடுகளைக் கண்டுபிடிப்பார். தெரு மேலே மேலே போட்டு உயர்ந்திருக்கிறது, வீடு அங்கேயே நின்றுவிட்டது. அதுவும் மண்ணடுக்குதான், தோண்டாமலே படிக்கலாம்.

கல்வெட்டுகளில் தேய்ந்த எழுத்துகளைப் படிக்க கல்லில் சாக்பீஸ் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேற்பரப்பு போகும், அதோடு படிக்கிறவர் எழுத்து என்று நினைத்ததைத்தான் சாக்பீஸ் காட்டும். இருட்டிய பிறகு போய், டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் நிழல் விழுந்து வரி வரியாக எழுத்து எழும்பும். பத்துப் பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கமிருந்து ஒளியடித்து, வேறு வேறு கோணத்தில் போட்டோ எடுத்து வைத்தால் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய உதவி.

நினைவு வரைபடமும் போட்டோம். தரையில் பெரிய தாளை விரித்து, வயதானவர்களைச் சுற்றி உட்காரவைத்து, அவர்கள் சின்ன வயதில் கிணறு எங்கே இருந்தது, எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனார்கள் என்று வரையச் சொன்னோம். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேருக்குச் சண்டை. ஒருவர் கிணறு மேற்கே என்கிறார், இன்னொருவர் கிழக்கே என்கிறார். நாங்கள் தீர்ப்பு சொல்லவில்லை. இரண்டையும் வரைந்து, யார் சொன்னது என்று பக்கத்திலேயே எழுதினோம். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு கிணறு இருந்திருக்கிறது.

"எப்போது நிஜமாகத் தோண்டுவோம்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பொருள் கிடந்த இடமும் ஆழமும் பதிவாகாமல் வெளியே வந்துவிட்டால் அது பாதி ஊமை. ஆனால் துறை தெரிந்தவர்கள் கூட இருந்தால் சாதாரண மக்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு கிழக்கு இங்கிலாந்தை எனக்குப் பிடிக்கும். கேரன்சா லூயிஸ் என்ற தொல்லியலாளரின் வழிகாட்டலில், கிராமத்துக்காரர்களும் பள்ளி மாணவர்களும் வீட்டுத் தோட்டங்களில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி வெட்டினார்கள், ஒவ்வொரு 10 சென்டிமீட்டரையும் தனித்தனியாகச் சலித்து. இப்படிச் சுமார் 2000 குழிகள். 14-ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்கு முன்னும் பின்னும் உள்ள பானை ஓடுகளை ஒப்பிட்டால், பின்னால் ஏறக்குறைய 45 சதவீதம் குறைவு என்று 2016-ல் முடிவு வெளியானது. ஊரில் ஆள் எப்படிக் குறைந்தது என்பதைத் தோட்டத்து ஓடுகள் சொல்லியிருக்கின்றன.

எங்கள் பெரிய தோல்வி சூளை. சூளை என்றுகூடச் சொல்ல முடியாது, திறந்த வெளியில் விறகும் வைக்கோலும் அடுக்கி, நாங்களே பிசைந்து செய்த 22 குட்டிப் பானைகளைச் சுட்டோம். மூன்று நாள் காயவைத்தது போதும் என்று நினைத்தது என் தப்பு. அடிப்பகுதி தடியாக இருந்ததில் உள்ளே ஈரம் நின்றிருக்கிறது, நெருப்பையும் அவசரப்பட்டு ஏற்றிவிட்டோம், ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் படார் படார் என்று வெடித்தது. முழுதாக வந்தது ஒன்பதுதான். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று, வாய் கீழே இருக்கும்படி கவிழ்ந்து சாம்பலில் புதைந்திருந்தது, உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் வந்தது. காற்று பட்ட பக்கம் சிவப்பு, காற்றில்லாமல் புகையில் வெந்த பக்கம் கறுப்பு. அருங்காட்சியகத்தில் கறுப்பு-சிவப்புப் பானையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இரண்டு நிறம் பூசியிருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

வெடித்த பதின்மூன்றின் துண்டுகளையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்கு உடைக்கப் பானை வாங்க வேண்டியதில்லை.