கிணற்றுமேட்டு லிஸ்டர்

தர்மபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் கரண்டு வராத காலத்தில் கிணற்றுத் தண்ணீரை மேலேற்றியது டீசலில் ஓடும் ஆயில் இன்ஜின். அதன் மூல வடிவம் இங்கிலாந்தின் டர்ஸ்லியில் பிறந்த லிஸ்டர் சி.எஸ். ஒற்றை சிலிண்டர், 4.5 அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 5.5 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). முதலில் நிமிடத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைத்திறன், பிறகு 650 சுற்றில் 6. இதே வடிவத்தைத்தான் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் பல்லாண்டு வார்த்தன. இவ்வளவு மெதுவாக ஓடுவதுதான் அதன் ஆயுள் ரகசியம்.

டேங்கை வற்றவிட்டால் டீசல் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. அதனால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்காது, எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. டீசல் பம்பு முனை நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசலை வழியவிட்டு இறுக்குங்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கி வைத்து ஹேண்டிலைச் சுற்றும்போது நாசிலில் ‘கிரீச்’ என்று கேட்கவேண்டும். வேகம் ஏறியதும் வால்வை விடுங்கள்.

பலர் செய்யும் பெரிய தவறு, கிணற்றுத் தண்ணீரை முழு வேகத்தில் ஜாக்கெட்டுக்குள் (சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறைக்குள்) விடுவது. சிலிண்டர் குளிர்ந்தே கிடந்தால் டீசல் சரியாக எரியாது, கரி படியும், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) சீக்கிரம் தேயும். வெளியே வரும் தண்ணீர் நல்ல வெந்நீராக இருக்கும்படி குழாயைத் திருகி வையுங்கள்.