ஒரு ரூபாய் போய்ச் சேர 49 நாள்

பெரிய தொகையை அனுப்பும் முன் கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பது எங்கள் அலுவலக வழக்கம். அந்த ஒரு ரூபாய் கடலூர் மீனவப் பெண்கள் சங்கத்தின் கணக்கில் விழுந்தது பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை, மாலை நாலே முக்காலுக்கு. எங்கள் அறங்காவலர்கள் நிதிக்கு ஒப்புதல் கொடுத்தது ஜனவரி 10. நடுவில் 49 நாள். அந்த நாட்களில் பாதிக்கு மேல் என் கவனக்குறைவால் போனது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

புதுச்சேரியில் ஓர் அறக்கட்டளையில் புரோகிராம் ஆபீசராக இருக்கிறேன். விண்ணப்பங்களைப் படிப்பது, நேரில் போய்ப் பார்ப்பது, காகிதங்களைச் சரிபார்ப்பது, அறங்காவலர் கூட்டத்தில் எடுத்துச் சொல்வது, பணம் போன பிறகு கணக்கு வாங்குவது என்பதுதான் வேலை. நாலாவது வருஷம் நடக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், நிதி கேட்டு எழுதும் சின்னச் சங்கங்களுக்கும் இது உதவட்டும்.

விஷயம் கருவாடு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையிலும் வெள்ளம். கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டி மணலில் காயப்போட்டு மூட்டை கட்டி வைத்திருந்த நெத்திலி, காரப்பொடி மீன்கள் அழுகிப்போயின. அந்தப் பெண்கள் கேட்டது நிவாரணம் இல்லை. மூங்கில் கால் நட்டு மேலே வலை இழுத்துக் கட்டிய உலர்த்தும் பரண்கள், மேலே போர்த்தத் தார்ப்பாய், மீன் ஊறவைக்க உப்புத் தொட்டிகள். மொத்தம் 3,60,000 ரூபாய். பரணில் போட்டால் அடியிலும் காற்று போகும், மணல் ஒட்டாது, நாய் வாய் வைக்காது, மழை வந்தால் சட்டென்று மூடலாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாத அந்த நாட்களில் கருவாட்டுக்கு விலை ஏறும். ஆகவே பிப்ரவரி, மார்ச் வெயிலில் காயவைத்து இருப்பு வைத்தால்தான் அவர்கள் கைக்கு நாலு காசு வரும். பிப்ரவரி முழுக்கக் காகிதத்தில் போனதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

எந்தப் பணத்திலிருந்து கொடுப்பது என்பதே முதல் முட்டுக்கட்டை. எங்களிடம் வெளிநாட்டு நிதிக்கான பதிவு இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தர முடியாது. சமூகப் பொறுப்புக்காகக் கம்பெனிகள் தரும் சிஎஸ்ஆர் பணத்தைக் கொடுக்கலாம் என்றால், வாங்கும் சங்கத்துக்கு 12ஏ (சங்கத்துக்கு வருமான வரி விலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் அனுமதி) இரண்டும் வேண்டும், அந்தப் பணத்தை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். இவர்களிடம் 12ஏ இருந்தது, 80ஜி இல்லை. மிச்சம் எங்கள் சொந்த வைப்பு நிதியின் வட்டிதான். அதிலும், 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு ஓர் அறக்கட்டளை இன்னொன்றுக்குக் கொடுத்தால் கொடுத்ததில் 85 சதவீதத்தைத்தான் வருமான வரியில் அறச்செலவாக எடுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் பிரிவில் முகம் சுளித்தார்கள். கூட்டத்தில் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன். அன்றைக்கு எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

டிசம்பரில் நேரில் பார்க்கப் போனபோது பாஸ்புக்கைக் காட்டினார்கள். முதல் பக்கத்தில் சங்கத்தின் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. படம் எடுத்துக்கொண்டு படிவத்தில் ‘வங்கிக் கணக்கு உண்டு’ என்று டிக் அடித்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. புரட்டியிருந்தால் கடைசி வரவு 2021 அக்டோபர் என்று தெரிந்திருக்கும். இரண்டு வருஷம் நாமாக எதுவும் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் கணக்கு செயலற்றதாகிவிடும். கையெழுத்துப் போடும் உரிமையுள்ள மூன்று பேரில் ஒருவரான பழைய தலைவி 2022-இல் இறந்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவர்களாகவும் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து ஜனவரி 20 அன்று வங்கிக்குப் போனோம். எந்த வங்கி, எந்தக் கிளை என்று சொல்லப்போவதில்லை. கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “அக்கவுண்ட் இன்ஆப்பரேட்டிவ். தலைவர் மாறியிருந்தா பதிவாளர் அத்தாட்சியோட ஃபாரம் ஏழு, தீர்மான நகல், இறப்புச் சான்று, மூணு பேர் கேஒய்சி” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். எழுதித் தரவில்லை. வாயால் சொன்னதை நம்பி வந்துவிட்டது என் இரண்டாவது தவறு.

சங்கப் பதிவாளர் அலுவலக வேலை, பயந்த அளவுக்கு இல்லை. விட்டுப்போன மூன்று வருஷத்துக் கணக்கைத் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்து, புது நிர்வாகிகள் விவரத்தை ஃபாரம் ஏழில் கொடுத்து அத்தாட்சி நகல் வாங்கிவிட்டோம். இறந்தவர் பெயரில்தான் ஒரு சிக்கல். சங்கப் புத்தகத்தில் ஊரில் கூப்பிடும் பெயர், இறப்புச் சான்றில் ரேஷன் கார்டுப் பெயர். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழி வாங்கி இணைத்தோம்.

தீர்மானப் புத்தகத்தை மட்டும் மறக்க முடியவில்லை. நீளமான கட்டு நோட்டு. வெள்ளத்தில் நனைந்து, காய்ந்து, உப்பி, இரண்டு மடங்கு தடிமனாக இருந்தது. ஒவ்வொரு தாளையும் பிரிக்கும்போது கருவாட்டு வாசம். 2006-இல் சங்கம் தொடங்கிய நாளின் பக்கத்தில் முப்பது ரேகைகள், ஊதா மை நீரில் கரைந்து பக்கம் முழுக்கப் படர்ந்திருந்தது. அந்தப் புத்தகத்தை ஒரு பாலிதீன் பையில் சுற்றி, அதை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

இரண்டாவது தடவை தலைவியும் செயலாளரும் வந்தார்கள். ரெண்டு பேர் போதும் என்று வங்கியிலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள். போன பிறகு, மூன்று பேரும் நேரில் வேண்டும் என்றார்கள். பொருளாளர் அம்மா அன்றைக்குப் பண்ருட்டிச் சந்தையில் கூடை வைத்து உட்கார்ந்திருந்தார். சேதி கேட்டு ஓடிவந்தும் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. திரும்பும்போது தலைவி அக்கா பஸ் ஸ்டாண்டில் சொன்னார்: “நீ போன்ல ஒரு சின்னப் பேப்பர்தான் அக்கான்னு சொல்லுற. அந்தச் சின்னப் பேப்பருக்கு எனக்கு ஒரு நாள் யாவாரம் போவுதும்மா.” கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் சுட்டது. நான் போகும் நாளுக்கு எனக்குச் சம்பளம் உண்டு, பஸ் கட்டணம் உண்டு. அவர்களுக்கு எதுவும் கிடையாது.

மூன்றாவது தடவை மூன்று பேரும் வந்தார்கள். ஆதார் ரேகைக் கருவியில் பொருளாளர் அம்மாவின் விரல் எடுக்கவில்லை. முப்பது வருஷம் உப்பில் கை வைத்தவர். விரல் நுனியெல்லாம் வெடித்து, கோடுகளே தேய்ந்துபோயிருந்தன. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஓடிபி போடலாம் என்றால் ஆதாரில் இருப்பது மகனுடைய நம்பர், மகன் கடலில். அடுத்து கையெழுத்து. 2006-இல் போட்ட மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். அவர் அறிவொளி வகுப்பில் எழுதப் பழகியவர். ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவார். “இன்னொரு தரம் போடுங்க, இன்னொரு தரம்” என்று சலான் பின்பக்கத்தில் ஏழு தடவை போட வைத்தார்கள். ஏழாவது தடவை கை நடுங்கிக் கடைசி எழுத்தின் சுழி பாதியில் நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எனக்குப் பதிலா வேற யாரையாவது போட்டுடுங்கம்மா” என்று பேனாவை வைத்துவிட்டார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையைத் தேடிப் படித்தேன். 2024 ஜனவரி 1 தேதியிட்டது, அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் நடைமுறை. செயலற்ற கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. செயலற்ற கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது. எல்லாக் காகிதமும் கொடுத்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். சங்கத்தின் கணக்கில் மூன்று காலாண்டுக்கு, தடவைக்கு 354 வீதம், 1,062 ரூபாய் பிடித்திருந்தார்கள்.

பிப்ரவரி 24 திங்கள். சுற்றறிக்கையை அச்சடித்து, அந்த வரிகளில் கோடு போட்டு, இந்தத் தடவை நேராக மேலாளரிடம் போனோம். எழுத்தில் கோரிக்கை கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை கேட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். முத்திரை விழுந்த காகிதத்துக்கு இருக்கும் மரியாதை, நாம் வாயால் சொல்வதற்கு இல்லை. கையெழுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு மேலாளர் ஒரு நிமிஷம் யோசித்தார். நிர்வாகிகளே மாறுகிறார்கள் என்றால் மூன்று பேருக்கும் புது மாதிரிக் கையெழுத்து அட்டைதானே எடுக்கப் போகிறோம், பழையதோடு எதற்கு ஒப்பிட வேண்டும் என்று அவரே கேட்டார். ஆதாரின் அசலைப் பார்த்து நகலை ஏற்றுக்கொண்டார். பொருளாளர் அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, “மெதுவா போடுங்கம்மா, அவசரமில்ல” என்றார். அன்றைக்குச் சுழி முழுதாக விழுந்தது. வியாழக்கிழமை கணக்கு உயிர் பெற்றது, 1,062 ரூபாயும் திரும்பி வந்தது. மறுநாள் எங்கள் ஒரு ரூபாய். திங்கட்கிழமை முதல் தவணை.

ஒப்பந்தம், பரண் கட்டியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. மார்ச் மூன்றாம் வாரம் பரண்கள் நின்றுவிட்டன. தடைக்காலத்துக்கு முன்னால் கிடைத்தது மூன்றரை வாரம்தான். ஆறு வாரம் கிடைத்திருக்கலாம்.

கணக்கு எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதை அறச்செலவாக ஏற்க மாட்டார்கள். மூங்கில் கடைக்காரர் ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். பேசிப் பேசிக் கணக்கில் வாங்க வைத்தோம். பான் அட்டை, பதிவுச் சான்று, பாஸ்புக் மூன்றிலும் சங்கப் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் ஆரம்பத்திலேயே பாருங்கள். ‘மகளிர்’ என்ற சொல்லை நாலு விதமாக எழுதிய காகிதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நிதி வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நூறு ரூபாயாவது கணக்கில் போட்டு எடுங்கள். நிர்வாகி யாராவது இறந்தால், துக்கம் ஆறியதும் முதல் வேலையாகப் பதிவாளரிடமும் வங்கியிலும் மாற்றிவிடுங்கள்.

என் படிவத்தையும் மாற்றிவிட்டேன். ‘வங்கிக் கணக்கு உண்டா’ என்ற கேள்வி போய், ‘கடைசியாகப் பணம் எடுத்தது எப்போது, கையெழுத்துப் போடும் மூவரும் இருக்கிறார்களா’ என்ற கேள்வி வந்திருக்கிறது. அதைச் செய்ததைவிட மார்ச் கூட்டத்தில் போராடி வாங்கிய இன்னொன்றில்தான் எனக்கு நிறைவு. வங்கிக்கும் பதிவாளரிடமும் அந்தப் பெண்கள் அலைந்த நாட்களுக்குக் கூலியும் பஸ் கட்டணமும் சேர்த்து 9,000 ரூபாயை நிதியில் ஒரு தனித் தலைப்பாகச் சேர்க்கச் சொன்னேன். ஒப்பந்தத்துக்கு முந்தைய செலவைக் கொடுக்க முடியாது என்றார்கள். நாம் கேட்ட காகிதத்துக்காகத்தானே அலைந்தார்கள் என்று கேட்டேன். அறங்காவலர்களில் வயதில் மூத்தவர் பட்டியலை வாங்கிப் பார்த்து, பொருளாளர் பெயருக்கு நேரே மூன்று நாள் என்று இருந்ததைத் திருத்தி நாலு என்று எழுதினார். பண்ருட்டிச் சந்தையைப் பாதியில் விட்டு ஓடிவந்த நாளை நான் விட்டுவிட்டிருந்தேன்.

அவர்களுடைய 12ஏ 2026 மார்ச்சோடு முடிகிறது, அதைப் புதுப்பிக்க ஆறு மாதம் முன்னால் 10ஏபி படிவம் போட வேண்டும் என்று ஏப்ரலில் சொல்லியிருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் நான் நினைவுபடுத்தும் முன்பே பொருளாளர் அம்மாவிடமிருந்து போன். “பத்து ஏபி செப்டம்பர் முப்பதுக்குள்ளன்னு காலண்டர்ல எழுதி வச்சிருக்கேம்மா. ஆடிட்டரை எப்ப பாக்கணும்?”