ஆறு டப்பா, மூன்று வேளை

2017-ல் ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே மாஸ்டர் ஒரு துண்டுத் தாளில் டயட் எழுதிக் கொடுத்தார். காலை 7, 10, மதியம் 1, மாலை 4, 7, இரவு 9.30. ஆறு வேளை. "மூணு மணி நேரத்துக்கு மேல வயித்தைக் காலியா விடாத, விட்டா உடம்பு சதையைத் தின்ன ஆரம்பிச்சிரும்" என்றார். அவர் கை இருந்த கனத்துக்கு யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே நீல மூடி போட்ட டப்பா ஆறு வாங்கி வந்தேன்.

அம்மா மட்டும்தான் கேட்டார். ஒரு வேளை உண்பவன் யோகி, இரு வேளை உண்பவன் போகி, மூன்று வேளை உண்பவன் ரோகி என்பார்களே, ஆறு வேளை சாப்பிடுகிறவனுக்கு என்னடா பேர் என்று. பதில் சொல்லத் தெரியவில்லை. கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த நாலு மணி டப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலை ஐந்தரைக்கு வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ஐந்து, ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மேலே மிளகுத்தூள். மாலை திறக்கும்போது முட்டை வியர்த்துத் தண்ணீர் விட்டிருக்கும், மிளகு அதில் ஊறிச் சாம்பல் கரைசலாக அடியில் நிற்கும், மூடியைத் தூக்கியதும் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் ஏசி அறை முழுக்க அந்த வாடை பரவும். பக்கத்து சீட் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார், ஏசி ஓடும்போதே எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார். ஒரு வாரத்தில் எனக்கே கூச்சமாகிவிட்டது. அதன்பிறகு தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கும் மாடிப்படித் திருப்பத்தில் நின்றபடியே தின்று முடிப்பேன். மீட்டிங் நீண்டால் பதற்றம் வரும். பசியினால் அல்ல, சதை கரைகிறது என்கிற பயம். கல்யாண வீட்டுக்குக்கூட டப்பா கொண்டுபோயிருக்கிறேன், அதைப் பற்றி மேலே சொல்ல வேண்டாம்.

ஒரு வருஷத்தில் 68 கிலோ 76 ஆனது. எடை தூக்கும் அளவும் கூடியது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஏறிய எட்டுக் கிலோவில் பாதி தொப்பையில் இருந்தது. காரணம் எளிது. சின்னச் சின்ன வேளையாகச் சாப்பிட்டால் எந்த வேளையிலும் வயிறு நிறைந்தமாதிரியே இருக்காது, அதனால் ஒவ்வொரு டப்பாவோடும் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கடலைமிட்டாய், இரண்டு பேரீச்சம்பழம் என்று ஏதோ ஒன்று கூடவே உள்ளே போகும். மூன்று வேளைக்காரனுக்குக் கணக்குத் தப்ப மூன்று இடம் என்றால் எனக்கு ஆறு.

அடிக்கடி சாப்பிட்டால் வளர்சிதை மாற்றம், அதாவது உடம்பு கலோரி எரிக்கும் வேலை, வேகமாகும், அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டே இருப்பது மாதிரி என்று எல்லா ஜிம்மிலும் சொல்வார்கள். சாப்பாட்டைச் செரிக்கவே உடம்பு கொஞ்சம் கலோரி செலவழிக்கிறது என்பது உண்மை: புரதத்தில் 20 முதல் 30 சதவீதம், மாவுச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பில் மிகக் குறைவு. கலந்த சாப்பாட்டுக்குச் சுமாராகப் 10 சதவீதம் என்று வையுங்கள். 2400 கலோரியை 400 வீதம் ஆறு முறை சாப்பிட்டால் முறைக்கு 40, மொத்தம் 240. அதையே 800 வீதம் மூன்று முறை சாப்பிட்டால் முறைக்கு 80, மொத்தம் அதே 240. அவ்வளவுதான் விஷயம். இதை 1997-லேயே பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷனில் ஒரு திறனாய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள், எங்கள் ஜிம் வாசலுக்கு அது 2017 வரை வந்து சேரவில்லை.

அப்படியானால் இந்த ஆறு வேளைப் பழக்கம் எங்கிருந்து வந்தது? போட்டிக்குப் போகும் பாடிபில்டர்களிடமிருந்து. எடை ஏற்றும் பருவத்தில் ஒரு நாளைக்கு 4000, 5000 கலோரி சாப்பிட வேண்டிய ஆளுக்கு அதை மூன்று வேளையில் உள்ளே தள்ளவே முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். அது அவருடைய அளவுக்கான வசதி. 2300 கலோரியில் வாழும் என்னைப் போன்ற கணக்குப் பிரிவு ஆசாமி அதைக் காப்பியடித்ததுதான் கூத்து.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் ஜப்பானில் 12 குத்துச்சண்டை வீரர்களை இரண்டு வாரம், நாளைக்கு வெறும் 1200 கலோரியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு வேளை, இன்னொன்றுக்கு ஆறு வேளை. எடை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது, ஆனால் இரண்டு வேளைக்காரர்களிடம் தசை அதிகம் போயிருந்தது. 2015-ல் ஷோன்ஃபெல்ட், அரகான், க்ரீகர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அதிக வேளை நல்லது என்பதுபோல ஒரு முடிவு தெரிந்தது. அந்த ஜப்பான் ஆய்வு ஒன்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்த முடிவும் காணாமல் போனது. என் கருத்து: 1200 கலோரியில் பட்டினி கிடந்து எடை குறைக்கிறவருக்கு வேளை கணக்கு கொஞ்சம் உதவலாம். உங்களுக்கும் எனக்கும் அந்த நிலைமை இல்லை, அந்த நிலைமைக்குப் போகவும் வேண்டாம்.

சரி, ஆறு வேளையை விட்டேன். விட்டவன் ஒழுங்காக நின்றேனா என்றால், நேர் எதிர்ப்பக்கம் குதித்தேன். 2020-ல் எல்லோரும் விரதம் பேசிக்கொண்டிருந்த நேரம், நானும் முதலில் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டேன், அப்புறம் ஒரே வேளைக்கு மாறினேன். ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) செய்து நான்காவது செட் முடித்துப் பாரை ஸ்டாண்டில் வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கம்பியைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த தம்பி ஓடிப்போய் எலக்ட்ரால் கலக்கிக்கொண்டு வந்தான். அதோடு ஒரே வேளை முடிந்தது.

பதினாறு மணி நேர விரதம் மட்டும் தனி விஷயம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2016-ல் இத்தாலியில் எடைப் பயிற்சியில் பழக்கப்பட்ட 34 ஆண்களை எட்டு வாரம் பார்த்தார்கள். விரதக் கூட்டம் மதியம் 1, மாலை 4, இரவு 8 என்று சாப்பிட்டது. கொழுப்பு குறைந்தது, தசையும் பலமும் அப்படியே இருந்தன. ஆனால் கவனித்தீர்களா, அவர்களும் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறார்கள், புரதத்தைக் குறைக்கவே இல்லை. நம்மூரில் விரதம் என்று சொல்லி மதியம் ஒரு மணிக்குத் தக்காளி சாதமும் இரவு மூன்று தோசையும் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை.

புரதம்தான் உண்மையான கேள்வி, நான் மூன்று வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டதும் அதுதான். நம் சாப்பாட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரு இட்லியில் 2 கிராம் இருந்தால் பெரிது. நாலு இட்லி, சாம்பார், சட்னி எல்லாம் சேர்ந்தும் 11 தாண்டாது. மதியம் சாதம், சாம்பார், பொரியல், மோர் சேர்ந்து 14, 15. இரவு தோசை, இன்னும் ஒரு 10. முட்டை, கறி தொடாத நாளில் மொத்தம் 40 கிராம்கூடத் தேறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சாதாரண ஆளுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் சொல்கிறது, என் 72 கிலோவுக்கு 60 ஆயிற்று. எடை தூக்குகிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை கூட்டினால் பலன் தெரிகிறது, அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை என்று 2018-ல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். எனக்கு அது 115. இந்த 115-ஐ 10, 15, 90 என்று வைக்காமல் நாலாகப் பிரித்தால் வேளைக்கு 29 வருகிறது. வேளைகளின் எண்ணிக்கைக்கு ஏதாவது அர்த்தம் உண்டென்றால் இங்கேதான் உண்டு.

2013-ல் ஒரு ஆய்வு: பயிற்சி முடித்தவர்களுக்கு 12 மணி நேரத்தில் 80 கிராம் வே புரோட்டீன், அதாவது பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி. சிலருக்குப் பத்துப் பத்தாக எட்டு முறை, சிலருக்கு இருபதாக நாலு முறை, சிலருக்கு நாற்பதாக இரண்டு முறை. தசையில் புதுப் புரதம் அதிகம் சேர்ந்தது நாலு முறை குடித்தவர்களுக்கு. என் ஐந்து வெள்ளைக்கரு டப்பாவில் இருந்தது 18 கிராம், மற்ற சில டப்பாக்களில் 6, 7. அந்தப் பத்துப் பத்து ஆட்கள் மாதிரித்தான் நானும் கொறித்துக்கொண்டிருந்தேன். அதற்காக 30 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் போனால் வீண் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் வந்த ஆய்வில் ஒரே மூச்சில் 100 கிராம் பால் புரதம் கொடுத்துப் பார்த்தபோது, 12 மணி நேரம் கழித்தும் உடம்பு அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு எங்கேயும் வீணாகப் போகவில்லை.

அடிக்கடி தின்றதில் எனக்கு மிஞ்சிய ஒரே நினைவுச்சின்னம் கடைவாயில் இருக்கிறது. இரண்டு பல் அடைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை இனிப்போ மாவோ வாயில் போகும்போதும் பல்லில் இருக்கும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன, எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது பிடிக்கும், சரிசெய்வதற்குள் அடுத்த பேரீச்சம்பழம் போய்விடும். பல் டாக்டர், எத்தனை தின்கிறாய் என்று கேட்கவே இல்லை, எத்தனை தடவை என்றுதான் கேட்டார்.

வேளைக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமியும் வலி மாத்திரைகளும்தான். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 2005-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். புண் ஏற்கெனவே இருந்தால் காலி வயிற்றில் எரியும், அது வேறு. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேளையைக் குறைக்காதீர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

இப்போது என் நாள் இப்படிப் போகிறது. ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழம், காபி. ஐந்தரைக்கு ஜிம். எட்டு மணிக்கு இரண்டு இட்லி, நாலு முழு முட்டை, மஞ்சள் கருவோடு. முன்பெல்லாம் செட் முடிந்த அரை மணிக்குள் புரோட்டீன் குடிக்காவிட்டால் போச்சு என்று ஷேக்கரோடு பைக் ஸ்டாண்டுக்கு ஓடுவேன், இப்போது ஓடுவதில்லை, குளித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மதியம் சாதம் குறைவு, சாம்பார், 40 கிராம் சோயா உருண்டை வறுவல் அல்லது சிக்கன், ஒரு கிண்ணம் தயிர். மாலை கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு சப்பாத்தியோடு மீனோ பனீரோ. வெள்ளி, சனி வீட்டில் கவுச்சி கிடையாது, அன்றைக்கு 115 வராது, 90-ல் நிற்கும். டெட்லிஃப்டில் தரையிலிருந்து தூக்கும் எடை அதற்காகக் குறைந்துவிடவில்லை.

நண்பன் ஒருவன் மில்லில் ஷிப்ட் முடித்து இரவு ஒன்பதரைக்குத்தான் ஜிம்முக்கு வருகிறான், வீடு சேரப் பதினொன்றாகும், அந்நேரம் சாப்பிட்டால் எல்லாம் கொழுப்பாகிவிடுமாமே என்று போன வாரம் கேட்டான். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டதோடு பாரம் தூக்கிவிட்டுப் பட்டினியாகப் படுக்கிறான். ஆறு மணி டீயோடு பஜ்ஜிக்குப் பதில் இரண்டு முட்டை, பதினொன்றுக்கு வீட்டில் என்ன குழம்போ அதோடு சாதம், கூட மூன்று முட்டையில் ஆம்லெட் என்றேன். சந்தேகமாகவே தலையாட்டினான். மாஸ்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான்.