கணுவில் வளைந்த ஆணி

வெள்ளிக்கிழமை காலையில் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். பிற்பகல் 3 மணிக்குப் பழைய நகரில் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் சிலுவைப் பாதை, ஆண்டவர் சிலுவை சுமந்த வழியில் நிலை நிலையாக நின்று செபிக்கும் ஊர்வலம். குழுவில் எல்லாருக்கும் மனசு அங்கேதான் கிடந்தது. எனக்கும்தான். ஆனால் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உள்ளே, சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் குதிகால் எலும்பு. வெளிப்பக்கமாக ஏறிய இரும்பு ஆணி எலும்பைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. நீளம் 11.5 செ.மீ. நுனி மட்டும் கொக்கிபோல வளைந்திருந்தது.

என் அப்பா வள்ளம் கட்டும் ஓடாவி. நுனி அப்படி வளைந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கும்போது மரத்தில் கணு இருந்திருக்கிறது. “கணுவுல ஏறுன ஆணியப் புடுங்காதல, பலகை போயிரும்” என்பார் அப்பா. ஆணித் தலைக்கும் எலும்புக்கும் நடுவே சின்ன மரத்தகடு ஒன்றும் வைத்திருந்தார்கள். ஆணித் தலையைத் தாண்டிக் கால் உருவிக்கொண்டு வராமல் இருக்க. நாங்கள் பலகைக்கு வாஷர் போடுவதும் இதற்குத்தான். அடித்தவனுக்குத் தொழில் தெரியும். அதை நினைத்ததும் அடிவயிறு சில்லிட்டது.

1968-ல் எருசலேமின் வடகிழக்கே, கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் பழைய குகைக் கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றை அகழ்ந்தவர் வசிலியோஸ் ட்சாஃபெரிஸ். இறந்தவரை முதலில் குகையில் கிடத்தி, சதை கரைந்த பிறகு எலும்புகளை எடுத்துக் கல்பெட்டியில் சேர்ப்பது அக்கால யூதர் வழக்கம். அப்படி ஒரு பெட்டியில்தான் இந்தக் குதிகால் இருந்தது. பெட்டியின்மேல் கீறியிருந்த பெயர் யெகோகனான். இருபதுகளில் இருந்த இளைஞர், நம் ஆண்டவர் வாழ்ந்த அதே முதல் நூற்றாண்டுக்காரர். யோவான் என்று நாம் சொல்லும் பெயரின் எபிரேய மூலம் இதுதான். பழைய கத்தோலிக்கத் தமிழில் அருளப்பர். எங்கள் கரையில் தெருவுக்கு நாலு அருளப்பன் உண்டு.

“தம்பி, அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க?” என்று குழுவில் வந்த பாட்டி ஒருவர் பக்கத்தில் வந்தார். சொன்னேன். கண்ணாடியை ஒட்டி நின்று வெகுநேரம் பார்த்தார். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, “யாரு பெத்த புள்ளையோ” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சி கி.மு. 71-ல் நசுக்கப்பட்டபோது, பிடிபட்ட 6000 பேரைக் கபுவாவிலிருந்து ரோம் வரை ஆப்பியன் சாலையின் ஓரத்தில் சிலுவையில் அறைந்தார்கள். ஏரோது அரசன் இறந்த கி.மு. 4-ல் யூதேயாவில் கலகம் எழுந்தது. சிரியாவின் ரோமை ஆளுநர் வாருஸ் 2000 பேரைச் சிலுவையில் ஏற்றினான். கி.பி. 70-ல் ரோமைத் தளபதி தீத்து இந்த நகரை முற்றுகையிட்டபோது, பசி தாங்காமல் மதிலுக்கு வெளியே வந்தவர்களை நாளைக்கு 500 பேர், சில நாள் அதற்கும் மேல் அறைந்தார்கள், சிலுவைகளுக்கு இடம் போதவில்லை, உடல்களுக்குச் சிலுவை போதவில்லை என்று எழுதிவைத்தவர் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். அவரே ஒருநாள் தெக்கோவா ஊரிலிருந்து திரும்பும் வழியில், தொங்குகிறவர்களில் தனக்குப் பழக்கமான மூன்று பேரைக் கண்டு, தீத்துவிடம் அழுது கேட்டு இறக்கவைத்தார். வைத்தியம் பார்த்தும் இருவர் இறந்தார்கள். ஒருவர் பிழைத்தார்.

பிற்பகல் ஊர்வலத்தில் துறவிகளுக்குப் பின்னால் எங்கள் குழுவும் ஒரு மரச்சிலுவையை முறைபோட்டுச் சுமந்தது. சந்து குறுகல். இரண்டு பக்கமும் கடைகள், மசாலா வாசனை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். ஐந்தாம் நிலையில், சீரேன் ஊர்ச் சீமோன் சிலுவையை வாங்கிய இடத்தில், என் முறை வந்தது. ரோமையர் வழக்கத்தில் கைதி சுமந்தது பெரும்பாலும் குறுக்குச் சட்டத்தை மட்டும்தான். நேர்மரம் கொலைக்களத்திலேயே நட்டிருக்கும். ஒரு சட்டம்தானே என்று தோன்றலாம். ஆனால் அதற்கு முன் சாட்டையடி உண்டு. தோல் வாரில் எலும்போ ஈயமோ கோத்த சாட்டை. தோல் கிழிந்த தோளின்மேல்தான் அந்தச் சட்டம் ஏறும். சட்டைக்கு மேலேயே எனக்கு மரம் உறுத்தியது. “இரண்டாம் முறை கீழே விழுகிறார்” என்று சின்ன வயசிலிருந்து தவக்கால வெள்ளிதோறும் ராகமாகச் சொல்லி வந்தவன் நான். அன்றைக்கு அந்த வரி தொண்டையில் நின்றுவிட்டது.

கடைக்காரர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தார்கள். எனக்கு அது வருத்தமாக இல்லை. அன்றும் அப்படித்தான். ஆள் நடமாட்டம் மிகுந்த சாலையோரத்தையே ரோமையர் தேடிப் பிடித்தார்கள், பார்க்கிறவனுக்குக் குலை நடுங்க வேண்டும் என்று. சிலுவை என்ற சொல்லே ரோமைக் குடிமகனின் கண்ணிலும் காதிலும் படக்கூடாது என்றார் ரோமைப் பேச்சாளர் சிசரோ. அடிமைக்கும் கலகக்காரனுக்கும் உரிய சாவு அது. சாவும் சட்டென்று வராது, நாட்கணக்கில் இழுக்கும். ஆண்டவர் சில மணி நேரத்தில் உயிர்விட்டதைக் கேட்டு ரோமை ஆளுநர் பிலாத்து வியந்தான் என்கிறார் மாற்கு. அவரோடு அறையப்பட்ட மற்ற இருவரின் கால்களை முறித்தது முடிவை விரைவாக்கத்தான்.

திருக்கல்லறை ஆலயத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் செங்குத்தான படிகள். மேலே கல்வாரி, ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த இடம். அன்று மதிலுக்கு வெளியே இருந்த பாறை, இன்று ஆலயத்துக்குள் கண்ணாடிக்கு அடியில் தெரிகிறது. கிரேக்கப் பீடத்தின் கீழே வெள்ளித் தகடு, அதன் நடுவில் துளை. மண்டியிட்டுக் குனிந்து கைவிட்டால் விரல் பாறையைத் தொடும்.

அங்கே சொல்வதற்கென்று ஊரிலிருந்தே பெயர்களைக் கொண்டுபோயிருந்தேன். அம்மா, தங்கச்சி, கடலுக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா. கல் குளிர்ந்திருந்தது. எல்லார் பெயரும் சொன்ன பிறகு, “யெகோகனான்” என்றும் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் எழுந்துவிட்டேன்.

படியிறங்கினால் வாசலுக்கு நேரே, ஆண்டவரின் உடலைக் கிடத்தி நறுமணம் பூசியதாக வணங்கும் கல். பெண்கள் சுற்றி மண்டியிட்டு எண்ணெய் ஊற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டியும் முந்தானையால் துடைத்தார், குழந்தைக்கு உடம்பு துடைக்கிற மாதிரி. சிலுவையில் இறந்தவர்களைப் பெரும்பாலும் பறவைக்கும் நாய்க்கும் விட்டுவிடுவார்கள். ஆண்டவரின் உடலை அரிமத்தியா யோசேப்பு கேட்டு வாங்கினார். யெகோகனானையும் யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆணியைப் பிடுங்கப் பார்த்திருப்பார்கள். கணுவில் வளைந்தது வந்திருக்காது. மரத்துணுக்கோடு காலைப் பெயர்த்தெடுத்து, ஆணி இருக்க அப்படியே கழுவி, துணி சுற்றியிருப்பார்கள்.

நானும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தேன்.