மிகாயேல் ஹைடனின் திருச்சபை இசை

மேற்கத்திய செவ்வியல் இசையைக் கேட்பவர்களில் பலருக்கும் ஹைடன் என்றால் ஜோசப் ஹைடன் மட்டுமே. அவருடைய தம்பி மிகாயேல் (1737–1806) ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரப் பேராயர்களிடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவர். திருச்சபை இசையில் தம்பியே தம்மை விஞ்சியவர் என்று அண்ணன் கருதினார். அது வெறும் பாசத்தால் பிறந்த கருத்தன்று என்பதற்கு 1771ஆம் ஆண்டின் சி மைனர் ரெக்வியமே, அதாவது இறந்தோருக்கான திருப்பலி இசையே, போதும்.

ரோராவ் என்ற ஆஸ்திரியச் சிற்றூரில் வண்டிச்சக்கரம் செய்பவரின் மகனாகப் பிறந்த மிகாயேல், வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்தில் சிறுவர் பாடகராக வளர்ந்து, 1763இல் சால்ஸ்பர்க் வந்தார். 1771 ஜனவரியில் அவருடைய ஒரே மகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தாள். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று அவரை ஆதரித்த பேராயர் ஷ்ராட்டன்பாக் காலமானார். அடுத்த இரண்டு வாரங்களில், பேராயருக்கான இறந்தோர் திருப்பலி இசை முழுவதையும் எழுதி முடித்தார். சீராக நடந்துசெல்லும் கீழ்த்தந்திகளின் மேல் குரல்கள் ஒவ்வொன்றாக எழும் அதன் தொடக்கத்தில், குழந்தையை இழந்த தந்தையின் துயரமும் கலந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. 1772 ஜனவரியில் அது இசைக்கப்பட்டபோது, குழுவில் லியோபோல்ட் மொசார்ட்டும் அவருடைய பதின்வயது மகன் வொல்ஃப்காங்கும் வாசித்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்த மகன் எழுதிய ரெக்வியத்தின் தொடக்கத்திலும், 'க்வாம் ஓலிம் ஆப்ரஹே' என்ற பகுதியின் ஃபியூகிலும் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் வடிவம்) மிகாயேல் ஹைடனின் தடம் தெளிவாகக் கேட்கிறது.

அடுத்து வந்த பேராயர் கொலொரேடோ, திருப்பலி முக்கால் மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று விரும்பினார். திருப்பலியில் வேத வாசகங்களுக்கு இடையே ஒலித்த கருவியிசைக்குப் பதிலாகப் பாடல்கள் வேண்டும் என்றார். வொல்ஃப்காங் மொசார்ட் 1781இல் அவருடைய பணியைத் துறந்து வியன்னாவில் தங்கிவிட்டார். ஆர்கன் கலைஞராக அந்த இடத்துக்கு வந்த ஹைடனோ, அவ்விடைவெளிக்கென நூற்றுக்கும் மேற்பட்ட கிராதுவல் பாடல்களை எழுதினார். இதை வெறும் பணிவு என்று ஒதுக்குவது நியாயமாகாது: இசை சுருங்கினாலும் வேதச் சொற்கள் ஒவ்வொன்றும் மக்களின் காதில் தெளிவாக விழவேண்டும் என்ற அக்கறை அவற்றில் உள்ளது.

இசையமைப்பாளர்கள் வெபரும் டியாபெல்லியும் மிகாயேலிடம் பயின்றவர்கள். ஆனால் அவர் படைப்புகளில் மிகச் சிலவே அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறின. மொசார்ட் ஒரு முன்னுரைப் பகுதி மட்டும் சேர்த்த அவருடைய சிம்பொனி ஒன்று, நெடுங்காலம் மொசார்ட்டின் 37ஆவது சிம்பொனி என்றே அறியப்பட்டிருந்தது. புதிதாகக் கேட்க வருபவர்கள் ரெக்வியத்திலிருந்து தொடங்கி, பிறகு கிராதுவல் பாடல்களுக்குச் செல்லலாம்.