லேப்டாப்பில் ஓடுது, போர்டில் உடையுது: வைஃபை டிரைவரில் டிஎம்ஏ கோளாறைத் தேடியது

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்கும் காவேரிப்பட்டணம் பக்கத்து குடோனுக்கும் இடையே 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க். இரண்டு முனையிலும் மிப்ஸ் செயலி போட்ட சின்ன போர்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான லினக்ஸ்), பிசிஐஇ ரேடியோ கார்டு. டிரைவர் மட்டும் மெயின் கெர்னலில் இல்லாதது, தனியாகத் தொகுத்துப் போட்டது. பிங் சுத்தமாகப் போகும். பெரிய ஃபைலை இழுத்தால் வேகம் படுத்துவிடும். அதே கார்டை, அதே டிரைவரோடு லேப்டாப்பில் செருகினால் ஒரு குறையும் இல்லை. கடைசியில் தப்பு டிஎம்ஏவில் இருந்தது: செயலி வழியாக இல்லாமல் கார்டே நேராக மெமரியில் எழுதும் முறை அது.

இப்படி ஒன்று வந்ததும் எல்லோரும் ஆன்டெனாவைத் திருப்பத்தான் கிளம்புவார்கள். மாடி ஏறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு. காற்றில் வரும் ஒவ்வொரு ஃபிரேமின் எஃப்சிஎஸ்ஸையும் (கடைசியில் வரும் சரிபார்ப்பு எண்) சிப்பே சரிபார்த்து, தப்பானதைத் தள்ளிவிடும். அதைத் தாண்டி வந்த பாக்கெட்டில் டிசிபி செக்சம் தப்பினால், சேதம் ரேடியோவில் நடக்கவில்லை. ஐபெர்ஃபை (வேகம் அளக்கும் கருவி) போர்டிலேயே ஓடவிட்டு, என்ஸ்டாட் கட்டளை காட்டும் டிசிபி செக்சம் பிழை எண்ணைப் பார்த்தோம். லோடு ஏற ஏற அதுவும் ஏறியது. அனுப்பும் பக்கமே கெடுத்து அனுப்பியிருக்கலாம் என்பதால், அந்த முனையில் லேப்டாப்பை வைத்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் பிழை ஏறினால், வாங்கும் போர்டின் மெமரிதான் இடம்.

இன்னொன்று: சோதனையை பாஸ்வேர்டு இல்லாத ஓப்பன் நெட்வொர்க்கில் செய்யுங்கள். மென்பொருள் வழியாக டிக்ரிப்ஷன் நடந்தால், மெமரியில் கெட்ட பாக்கெட் எல்லாம் எம்ஐசி (குறியாக்கத்தின் சரிபார்ப்புக் குறி) பிழை என்ற பெயரில் காணாமல் போகும். எங்கே கெட்டது என்ற தடயமே கிடைக்காது.

தடயம் பைட்டுகளில்தான் இருக்கிறது. யுடிபியில் அனுப்பும் தரவில் ஒவ்வொரு 4 பைட்டிலும் ஒரு ஓடும் எண்ணை எழுதி அனுப்பினோம். டிசிபிடம்ப் (பாக்கெட் பதிவுக் கருவி) பக்கம் போகாமல், டிரைவரில் பஃபர் (பாக்கெட் வந்து விழும் மெமரிப் பகுதி) கைக்கு வரும் இடத்திலேயே எண் வரிசையைச் சரிபார்த்து, தவறினால் முழு பஃபரையும் சீரியல் கன்சோலில் கொட்டவைத்தோம். (115200 வேகம், 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல். கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்று கம்பி போதும், விசிசி கம்பியைத் தொடாதீர்கள்.) பஃபரின் மெமரி முகவரியும் சேர்ந்து அச்சாக வேண்டும். கெர்னல் 4.15 முதல் சாதாரண பாயின்டர் அச்சு உண்மை முகவரியைக் காட்டாது. 'பிஎக்ஸ்' வடிவம்தான் காட்டும்.

கொட்டியதில் மூன்று விஷயம் பளிச்சென்று தெரிந்தது. கெட்ட பகுதி எப்போதும் 32-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கி, 32 பைட் அல்லது அதன் மடங்கில் முடிகிறது. அந்தச் செயலியின் கேஷ் (மெமரியின் நகலை வைத்திருக்கும் வேக நினைவகம்) ஒரு லைனாகக் கையாளும் அளவும் 32 பைட்தான். கெட்ட இடத்தில் இருப்பது குப்பை இல்லை, பழைய பாக்கெட்டின் எண்கள். கடைசியாக, பஃபரின் முதல் 2048 பைட்டுக்குள் ஒரு முறைகூட கெடவில்லை.

கேஷ்தானா என்று உறுதிப்படுத்த மிப்ஸில் ஒரு நல்ல வசதி உண்டு. முதல் 512 எம்பி மெமரிக்கு இரண்டு ஜன்னல்கள்: கேசெக்0 கேஷ் வழியாகப் போகும், கேசெக்1 நேராக மெமரிக்குப் போகும். ஒரே பஃபரை இரண்டு வழியிலும் படித்தால், கேசெக்1-இல் புதிய எண்கள், கேசெக்0-இல் பழையவை. அதாவது கார்டு சரியாகத்தான் எழுதியிருக்கிறது. செயலிதான் பழைய கேஷைப் படிக்கிறது. எக்ஸ்86 லேப்டாப்பில் டிஎம்ஏவும் கேஷும் ஒத்துப்போவதை ஹார்டுவேரே பார்த்துக்கொள்கிறது, அதனால் அங்கே இந்தத் தப்பு வெளியே தெரியாது. "லேப்டாப்பில் டெஸ்ட் செய்தாயிற்று" என்று ஒரு டிரைவரை வெளியிடுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

2048 எங்கிருந்து வந்தது? டிரைவரில் பஃபர் ஒதுக்குவது 4096. கார்டின் ரிஜிஸ்டரில் சொல்லியிருப்பது ஏ-எம்எஸ்டியு (பல பாக்கெட்டை ஒன்றாகக் கட்டிய ஃபிரேம்) அளவான 3839 வரை வாங்கலாம் என்று. டிஎம்ஏ மேப் செய்யும் (பஃபரைக் கார்டு எழுதக் கொடுக்கும்) வரியில் மட்டும் பழைய 2048. மேப்பில் கேட்ட அளவுக்கு மட்டும்தான் கெர்னல் கேஷைத் துடைக்கும். மீதியில் பழைய லைன்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும். சின்ன பாக்கெட்டான பிங் ஏன் கெடவில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

கெர்னலின் டிஎம்ஏ-ஏபிஐ டீபக் (டிஎம்ஏ தவறுகளைத் தேடும் சோதனை வசதி) இதைப் பிடிக்காது. மேப்பும் அன்மேப்பும் (கார்டிடமிருந்து திரும்ப வாங்குவதும்) ஒரே 2048 என்பதால் அதன் கணக்கில் எல்லாம் சரி. ஆனாலும் அதை முதலிலேயே போட்டுவிட வேண்டும்: அளவு மாறி அன்மேப் செய்வது, திசை மாற்றிச் சொல்வது, மேப் தோல்வியைச் சரிபார்க்காமல் விடுவது, ஸ்டாக் மெமரியை மேப் செய்வது எல்லாம் உடனே சிக்கும், அதுவும் லேப்டாப்பிலேயே. முதல் பிழையோடு வாயை மூடிக்கொள்வது அதன் இயல்பு. டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் டீபக் ஃபைல்கள் இருக்கும் இடம்) 'ஆல் எர்ரர்ஸ்' ஃபைலில் 1 எழுதினால்தான் முழுவதும் சொல்லும். ரேம் குறைந்த போர்டில் அது முன்கூட்டி ஒதுக்கும் 65536 பதிவுகள் பல எம்பியை விழுங்கும். பூட் வரியில் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

எங்கள் தப்பு லேப்டாப்பிலும் தெரிய வேண்டுமானால் 'எஸ்டபிள்யூஐஓடிஎல்பி=ஃபோர்ஸ்' என்று பூட் செய்ய வேண்டும். அப்போது எல்லா டிஎம்ஏவும் இடைநிலை பஃபர் வழியாகப் போகும். மேப் செய்த அளவு மட்டுமே டிரைவரின் பஃபருக்கு நகல் ஆகும். பஃபர் முழுக்க ஹெக்ஸ் ஏ5 நிரப்பிவிட்டு ஓட்டினால், 2048-க்கு மேல் வெறும் ஏ5, ஏ5 என்று வரிசையாக நிற்கும். நிரப்புவதை மேப்புக்கு முன் செய்யுங்கள். பின் செய்தால் கேஷை நீங்களே அழுக்காக்கி, இல்லாத பிழையை உண்டாக்குவீர்கள். இந்தச் சோதனையில் 2048-க்கு மேல் வருவதைக் கார்டு பக்கத்து பஃபரில்தான் எழுதும். முக்கியமான டிஸ்க் உள்ள கணினியில் செய்யாதீர்கள்.

திருத்தம் சிறியது. ஒதுக்கும் அளவு, மேப், அன்மேப், ரிஜிஸ்டர் நான்கும் ஒரே மாறிலியிலிருந்து வர வேண்டும். 3839-ஓடு ஹெடரும் கார்டின் ஸ்டேட்டஸ் பகுதியும் சேர்த்து, 32-இன் மடங்குக்கு உயர்த்துங்கள். பஃபரின் வாலில் கெர்னல் வைக்கும் பகிர்வுத் தகவலுக்கும் இடம் வேண்டும். 4096-இல் அடங்காவிட்டால் இரண்டு பேஜ் ஒதுக்குங்கள், கார்டை அந்த வாலில் எழுத விடாதீர்கள்.

இதோடு வேலை முடியவில்லை. வைஃபையை இறக்கி ஏற்றும்போது எப்போதாவது கெர்னல் விழுந்தது. ஸ்லப் டீபக் (விடுவித்த மெமரியை 6பி பைட்டால் நிரப்பிக் கண்காணிக்கும் வசதி) போட்டதும், விடுவித்த மெமரியில் இருக்க வேண்டிய 6பி வரிசைக்கு நடுவே 80 00 00 00, அதற்குப் பின் ஆறு எஃப்எஃப். 802.11 (வைஃபை தரநிலை) படித்தவருக்கு அது உடனே தெரியும்: பீக்கன் (ரவுட்டர் தன்னை அறிவிக்கும்) ஃபிரேமின் தலை. ரிங்கை (கார்டுக்குக் கொடுத்த பஃபர்களின் வரிசை) விடுவித்த பிறகும் கார்டு பக்கத்து வீட்டு பீக்கனை அதே இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. இது அரிதானதும் அல்ல. பிராட்காம் பிசிஎம்4331 உள்ள மேக் கணினிகளில் பூட் ஃபர்ம்வேர் கார்டை ஓடவிட்டே போய்விடுவதால், கெர்னல் தொடக்கத்திலேயே அதை ரீசெட் செய்யும் குறியீடு லினக்ஸில் இருக்கிறது.

சரியான வரிசை: ஆர்எக்ஸை (பாக்கெட் வாங்குவதை) நிறுத்தச் சொல்லுங்கள், ரிஜிஸ்டரைத் திரும்பப் படித்து அந்த எழுத்து கார்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்யுங்கள், டிஎம்ஏ ஓய்ந்தது என்று பிட் சொல்லும்வரை காத்திருங்கள், இன்டரப்டை அணைத்து, ஓடிக்கொண்டிருப்பது முடியட்டும், பிறகு அன்மேப், கடைசியில் விடுவிப்பு. காத்திருந்தும் ஓயாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யாமல் மெமரியை விடக் கூடாது. அந்த ரிஜிஸ்டர் எல்லா பிட்டும் 1 என்று வந்தால் மட்டும் டிரைவரை விட்டுவிட்டு பவரைப் பாருங்கள்: கார்டு பஸ்ஸிலிருந்தே கழன்றிருக்கிறது. நீளமான பிஓஇ (நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரம் வரும்) கேபிளில் வோல்டேஜ் இறங்கியிருக்கிறதா என்று மல்டிமீட்டரை போர்டு முனையில், முழு லோடில் வைத்து அளக்க வேண்டும்.